குருதிக் குழாயைத் தைத்த அலெக்சிஸ் கேரல்

1894 ஜூன் திங்களில் பிரான்சின் லியோன் நகரில் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். அறுந்த பெருஞ்சிரையைத் தைக்கும் வழியை அக்கால மருத்துவர் அறிந்திலர். அவர் உயிர் நீத்தார். அந்நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கேரல் (1873–1944) அக்குறையைப் போக்க முனைந்தார்.

பட்டுக்குப் பேர்பெற்ற லியோனில் பூத்தையல் வல்ல பெண்மணி ஒருவரிடம் நுண்ணூசி பிடிக்கக் கற்றார். பட்டிழைக்கு வாசலின் தடவினார். குழாய் முனையின் புறவுறையை அகற்றினார். அது உட்புகுந்தால் குருதி உறையுமன்றோ! இரு முனைகளையும் மூன்று இடங்களில் இணைத்து இழுக்க, வட்டம் முக்கோணமாயிற்று, தையல் எளிதாயிற்று. 1902இல் வெளியிட்ட இம்முறையை அமெரிக்காவில் மேலும் வளர்த்து, 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

1935இல் எழுதிய நூலில் மனிதரைத் தரம்பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் ஆதரித்தார். அம்மாசினை நாம் மறைத்தலாகாது.

இன்று, புற்றுநோயால் மார்பகம் இழந்த பெண்ணுக்கு அடிவயிற்றுத் திசுவைக் குழாய்களோடு எடுத்து, மார்புக்கூட்டுக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கின்றனர். அங்கும் முனைகளைச் செப்பஞ்செய்த பின்னரே ஊசி நுழைகின்றது. அவர்தம் கைத்திறனை ஏற்போம், கொள்கையைத் தள்ளுவோம். அறிவுக்கு அறமே காவல் என்பதை இவ்வாழ்வால் நாம் உணர்கின்றோம்.