நம் கல்லூரி அக்கா முத்துலட்சுமி

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் போன் செய்தபோது ஹாஸ்டல் கதை ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஹாஸ்டல் கதைக்கு நம் செட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் சென்னை மருத்துவக் கல்லூரியில் நமக்கெல்லாம் மூத்தவரான ஒரு அக்காவைப் பற்றி எழுதுகிறேன். காஞ்சிபுரத்தில் ஓ.பி.க்கு வரும் கர்ப்பிணிகள் தினமும் அவர் பெயரைச் சொல்வார்கள். முத்துலட்சுமி பணம் எப்போ வரும் டாக்டரம்மா என்பார்கள். அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைத்தான் அப்படிச் சொல்வது. யாரும்மா அந்த முத்துலட்சுமி என்று திருப்பிக் கேட்டால் யாரோ மந்திரி சம்சாரம் என்று பதில் வரும்!

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி ஆசிரியர். அம்மா சந்திரம்மாள், இசைவேளாளர் குடும்பம், தேவதாசி மரபில் வந்தவர். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். பெண் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தும் காலம் அது. வீட்டிலேயே படித்து மெட்ரிக் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று ஊரில் எதிர்ப்பு. மன்னர் தொண்டைமான் அனுமதி கொடுத்ததோடு உதவித்தொகையும் கொடுத்தார்.

1907-ல் நம் கல்லூரியில் சேர்ந்தார். மேடைகளில் முதல் பெண் மாணவி இவர்தான் என்று சொல்லிவிடுகிறோம், அது சரியில்லை. 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி நம்முடையது. அந்தப் பெருமையை ஏன் நாமே குறைத்துக்கொள்ள வேண்டும்? முத்துலட்சுமி 1912-ல் தேறி, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கழுத்தை நீட்டினாராம். இன்றைக்குக்கூட நம் பெண்களில் எத்தனை பேர் அதைக் கல்யாணத்துக்கு முன்னால் வாய்விட்டுக் கேட்டிருக்கிறோம்?

1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமனம், அடுத்த வருடம் அதன் துணைத்தலைவர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண். பெண் குழந்தைகளின் படிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, திருமண வயதை உயர்த்துவது என்று நிறையப் பேசினார். ஆனால் அவர் பெயர் நிற்பது தேவதாசி ஒழிப்பில். கோயில் நிறைந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கோயிலில் ஆடிப் பாடும் ஊழியத்துக்காக அந்தப் பெண்களுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். வீட்டில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1929-ல் அவர் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. சத்தியமூர்த்தி போன்ற பெரியவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலும் பலர் எதிர்த்தார்கள். தங்கள் கலையும் பிழைப்பும் என்னாவது என்ற அவர்களுடைய கேள்வியை அக்கா இன்னும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த மரபை விட்டு வந்த சில சிறுமிகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஒரு ராத்திரி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ஔவை இல்லம் அப்படி ஆரம்பித்ததுதான். 1930-ல் காந்திஜி கைதானதைக் கண்டித்துச் சபைப் பதவியை ராஜினாமா செய்திருந்தார்; அதனால் இல்லத்துக்குக் கொடுக்க நேரம் இருந்தது.

இனி புற்றுநோய். 1923-ல் அவருடைய தங்கை சுந்தராம்பாள் குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே வைத்தியம் நடந்ததாம். அக்கா டாக்டர், பக்கத்திலேயே இருக்கிறார், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அது அவர் மனதை விட்டு அகலவே இல்லை. 1935-ல் நம் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற ஆசையை வெளியிட்டார். சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று நினைத்தவர்கள்தான் அப்போது அதிகம். மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பயின்று வந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. நம் சாந்தா அக்கா 1955-ல் அங்கே போய்ச் சேர்ந்தவர், 2021-ல் கண்மூடும்வரை அதை விட்டு நகரவில்லை.

எனக்கு இதெல்லாம் புத்தகச் செய்தி மட்டும் இல்லை. நான் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். அப்பா தறிக்குழியில் உட்காருவார், அம்மா பக்கத்தில் தார் சுற்றுவாள். தீட்டு நின்று பல வருஷம் கழித்து மறுபடி ரத்தம் கண்டது அம்மாவுக்கு. ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது என்று எட்டு மாசம் மூடி வைத்தாள். நான் அப்போது மூன்றாம் வருஷ மாணவி, விடுமுறைக்குப் போனபோதுதான் சொன்னாள். கர்ப்பப்பை வாய்ப் புற்று, முற்றிய நிலை. அந்த வருஷ முடிவுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் நாங்கள் ஆறேழு மாணவிகள் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்தோம். பேரெல்லாம் கிடையாது. ஆளுக்கு மாசம் இரண்டு ரூபாய். மெஸ் கட்ட முடியாத ஜூனியர் பெண்ணுக்குக் கொஞ்சம், ஔவை இல்லத்துக்குக் கொஞ்சம், அடையாறில் வந்து தங்கும் வெளியூர்ப் பெண்களின் பஸ் செலவுக்குக் கொஞ்சம். லீவில் என்னோடு காஞ்சிபுரம் வந்து தறி வீடுகளில் பெண்களை மட்டும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆண்களைத் திண்ணைக்கு அனுப்பிவிடுவோம். வெள்ளைப்படுதல் என்ற வார்த்தையைச் சொல்லவே முதல் நாள் அரைமணி நேரம் ஆனது! இரண்டாம் முறை போனபோது ஒரு பாட்டி தானே எழுந்து வந்து காதோரம் சொன்னாள். சீக்கிரமே தெரிந்ததால் சிகிச்சை பலித்தது. அதன் பிறகு பல வருஷம் உயிரோடு இருந்து, ஒவ்வொரு வைகாசி கருடசேவையிலும் என்னைக் கூட்டத்தில் தேடிப் பிடித்துவிடுவாள்.

அக்காவுக்கு 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் மறைந்தார். எங்கள் ஊர் அண்ணா புற்றுநோயால் போனது அடுத்த பிப்ரவரியில். அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை நடக்கிறது. ரிட்டையர் ஆனபின் வாரம் ஒருநாள் அந்தப் பக்கம் கிராமங்களில் பெண்களுக்கான முகாமுக்குப் போகிறேன். இப்போது ஸ்க்ரீனிங் வசதி வந்துவிட்டது, ஆனால் கூச்சம் அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் குழு மாதிரியே இன்றைய மாணவிகளும் ஒன்று வைத்திருக்கிறார்கள், முகாம்களுக்கு அவர்கள்தான் எனக்குத் துணை. வேனும் சாப்பாடும் சொந்தக் காசில்தான். இந்த மறுசந்திப்பு வரவு செலவில் மீதம் வந்தால் சால்வைக்கும் ஷீல்டுக்கும் போக வேண்டாம், அந்தப் பெண்களிடம் கொடுத்துவிடலாம் என்று பொதுக்குழுவில் கேட்கப்போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். முன்வரிசையில் உட்காருகிறவர்கள் தயாராக இருங்கள்.