பச்சிளங்குழந்தையின் குடலை ஆராய்ந்த மருத்துவர்

உணவு நச்சு பற்றிய செய்திகளில் ‘இ.கோலி’ என்னும் பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. அதில் ‘கோலி’ பெருங்குடலைக் குறிக்கும். முன்னால் நிற்கும் ‘இ’ ஒரு குழந்தை மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. அவர்தாம் தியோடர் எஷெரிக். கொடிய நோய்க்கிருமி ஒன்றைத் தேடிச் சென்று அவர் அந்த நுண்ணுயிரைக் கண்டுபிடிக்கவில்லை. நலமாக இருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்தில்தான் அதைக் கண்டார்.

எஷெரிக் 1857-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள அன்ஸ்பாக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையும் மருத்துவர். எஷெரிக் ஐந்து வயதில் தாயை இழந்தார். குறும்பு மிகுந்த சிறுவனாக இருந்ததால், ஆஸ்திரியாவில் ஜெசூயிட் துறவிகள் நடத்திய விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் பவேரியாவில் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் ஊட்டும் வழக்கம் குறைவாக இருந்தது. மாவுக்கஞ்சியும் பசும்பாலும் குடித்து வளர்ந்த குழந்தைகள் கோடைக்காலத்தில் வயிற்றுப்போக்கால் கூட்டங்கூட்டமாக இறந்தனர். பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் மூன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இந்நிலையில், 1884-ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் பரவிய காலராவை ஆராயும் பணியில் எஷெரிக் ஈடுபட்டார். பிறகு மூனிக் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார்.

நோயைப் பரப்பும் கிருமிகளைக் கண்டுபிடிப்பதே அன்றைய அறிவியலாளர்களின் பெருங்கனவாக இருந்தது. எஷெரிக்கின் எண்ணமோ வேறாக இருந்தது. நலமான குழந்தையின் குடலில் எந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, அவை எதை உண்டு வளர்கின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். அதை அறியாமல், நோயுற்ற குழந்தையின் குடலில் என்ன மாறியது என்று எப்படிச் சொல்ல முடியும்? பலரும் முகம் சுளிக்கும் பொருளை அவர் நாள்தோறும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

குழந்தை பிறந்தவுடன் கழிக்கும் கருநிறமான முதல் மலத்தில் அவர் வளர்ப்பு முறையில் எந்த நுண்ணுயிரும் தென்படவில்லை. சில மணி நேரத்திற்குள் பலவகை நுண்ணுயிர்கள் அதில் குடியேறின. குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் அந்த முதல் கூட்டம் மறைந்து, வேறு சில வகைகள் நிலைத்தன. பாலில் உள்ள சர்க்கரையே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். குடலில் காற்று மிகக் குறைவு. அங்கே பால் சர்க்கரையைப் புளிக்க வைத்து உயிர்வாழக்கூடியவை மட்டுமே பெருகின. உணவு மாறினால் குடலில் வாழ்பவையும் மாறும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1885-இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவற்றை விரிவான நூலாகவும் எழுதினார்.

ஆயினும் அவர் பார்வைக்குத் தப்பிய ஒன்று உண்டு. நுண்ணுயிர்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க, அவற்றுக்கு ஏற்ற உணவும் சூழலும் தேவை. எஷெரிக் கையாண்ட முறையில் இ.கோலி எளிதாக வளர்ந்தது. காற்றை வெறுக்கும் நுண்ணுயிர்கள் வளரவில்லை. பாரிசில் ஹென்றி டிசியே என்பவர் காற்றுப் புகாத முறையைக் கையாண்டார். 1899-இல் அவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில், கவட்டைக் குச்சிபோல் இரண்டாகப் பிரிந்த ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதுவே பிஃபிடோபாக்டீரியா. தாய்ப்பாலில் அது ஏன் செழிக்கிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆனது. குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைச் சங்கிலிகள் தாய்ப்பாலில் நிறைய உள்ளன. பசும்பாலில் அவை மிகக் குறைவு. அவை குழந்தைக்கு உணவாவதில்லை, பிஃபிடோபாக்டீரியாவுக்கே உணவாகின்றன. 1950-களில் பால் கியோர்கி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு வழிகாட்டினர்.

எஷெரிக் 1890-இல் கிராட்ஸ் நகரிலும், 1902-இல் வியன்னாவிலும் பேராசிரியர் பதவி ஏற்றார். புகழ் உச்சத்திற்குச் சென்ற அக்காலத்தில்தான் அவருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. அவருடைய மகன் லியோபோல்ட் பத்து வயதில் குடல்வால் அழற்சியால் இறந்தான். குடலை ஆராய்ந்து பெயர் பெற்ற தந்தையால் மகனின் குடல் நோயைத் தடுக்க முடியவில்லை.

1903-இல் குழந்தைகளைக் காக்கும் சங்கம் ஒன்றை அவர் வியன்னாவில் நிறுவினார். தாய்ப்பால் ஊட்டும்படி அச்சங்கம் தாய்மார்களை ஊக்குவித்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டதை ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குக் கொண்டு சென்ற அப்பணியை, அவருடைய நூல்களுக்கு நிகராகவே மதிக்க வேண்டும். 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பக்கவாதத்தால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

தாம் கண்ட நுண்ணுயிருக்கு எஷெரிக் தம் பெயரை வைக்கவில்லை. பெருங்குடலில் பொதுவாக வாழும் பாக்டீரியா என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டிருந்தார். கொழும்பில் பணியாற்றிய அனுபவமுள்ள காஸ்டெல்லானி, சால்மர்ஸ் என்னும் மருத்துவர்கள் இருவர் 1919-இல் அதற்கு ‘எஷெரிக்கியா’ என்று பெயர் சூட்டினர்.