ஹென்றி ராய்ஸ் என்னும் மெக்கானிக்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, பெரிய தலைவர்கள் யாரைப் பற்றியாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்களைப் பற்றி வருடா வருடம் யாராவது எழுதிவிடுகிறார்கள். அதனால் நம்ம தொழிலைச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன்.

ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாத ஆட்டோமொபைல் மாணவன் இருக்க முடியாது. ராஜாக்களும் கோடீஸ்வரர்களும் ஏறும் கார். ஆனால் அந்தப் பெயரின் பின்பாதியில் இருக்கும் ராய்ஸ், பேப்பர் விற்ற பையன்; பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய ஒரே வருடம்; செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு காரைப் பிரித்துப் பார்த்துத்தான் தன் முதல் காரைச் செய்தார். இதெல்லாம் நம் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் படித்தேன்.

இளமையில் வறுமை

ஃபிரடெரிக் ஹென்றி ராய்ஸ் 1863-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்திலுள்ள ஆல்வால்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் லண்டன் போனது. 1872-ல் அப்பா இறந்துவிட்டார். அப்போது ராய்ஸுக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் ஏது பள்ளிக்கூடம்? தெருவில் நின்று பேப்பர் விற்றார். கொஞ்சம் வளர்ந்ததும் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார்.

1878 வாக்கில் ஒரு நல்ல காலம் வந்தது. உறவுக்கார அம்மா ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே ஒர்க் ஷாப்பில் அவரை அப்ரெண்டிஸாகச் சேர்த்துவிட்டார். அவர் அத்தையா சித்தியா என்று ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து எனக்குத் தெரியவில்லை. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் சித்தி என்றே வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. முதலாமாண்டில் நான் பீஸ் கட்ட முடியாமல் நின்றபோது, மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டியவர் என் சித்தி. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். நான் நின்றுவிட்டால் பின்னால் வரும் தம்பிகளும் நின்றுவிடுவார்கள் என்று சொல்லித்தான் கட்டினார்.

ராய்ஸ் தங்கியிருந்த வீட்டின் கொட்டகையில் ஒரு லேத் இருந்தது. வீட்டுக்காரரும் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொட்டகையில் அரம் பிடிக்கவும் ஃபிட்டிங் செய்யவும் ராய்ஸ் அவரிடம் கற்றுக்கொண்டார். மிச்ச நேரத்தில் கணக்கும் மின்சாரமும் தானாகவே படித்தார். மூன்று வருடம் ஆனது. அதற்கு மேல் அந்த அம்மாவால் பணம் கட்ட முடியவில்லை. அப்ரெண்டிஸ் காலம் முடியாமலே ராய்ஸ் வெளியே வந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் சித்தியால் கட்ட முடிந்தது. அவருடைய சித்தியால் முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெளியே வந்தவர் லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் சொற்பக் கூலிக்கு நாள் முழுக்க உழைத்தார். 1881-ல் லண்டனில் ஒரு மின்விளக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பகலில் வேலை, மாலையில் தொழில்நுட்ப வகுப்பு. மின்சாரம் அப்போது புதுத்தொழில். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் குறைவு. அதனால் சான்றிதழ் இல்லாத ராய்ஸுக்கும் அதில் இடம் இருந்தது. 1884-ல் கையிலிருந்த 20 பவுண்டோடு, எர்னெஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பர் போட்ட 50 பவுண்டையும் சேர்த்து, மான்செஸ்டரில் குக் தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். முதலில் வீட்டு அழைப்பு மணி போன்ற சின்னச் சின்னச் சாமான்கள்தான். பிறகு டைனமோ, மின்சார கிரேன் என்று தொழில் வளர்ந்தது.

செகண்ட் ஹேண்ட் கார்

1900-க்குப் பிறகு மலிவான வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கியதால் கிரேன் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ராய்ஸ் டெக்கோவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பழசாக வாங்கினார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத் திறன். ரயிலில் வந்து இறங்கிய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது என்றும், ஆட்கள் பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

டெக்கோவில் மட்டமான வண்டி அல்ல. அந்தக் காலத்தில் நல்ல வண்டி என்று பேர் எடுத்ததுதான். பல கார்களில் சைக்கிள் மாதிரி செயின் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. டெக்கோவிலில் முன்னால் இன்ஜின், அதன் பின்னால் கிளட்ச், கியர் பாக்ஸ், அங்கிருந்து ப்ரொபெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்ஸில் என்று வரிசையாக இருக்கும். நாம் ஒர்க் ஷாப்பில் பார்க்கும் பின்சக்கர ஓட்ட வண்டிகளின் அதே வரிசைதான்.

வேறு ஒருவராக இருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு வண்டியை விற்றிருப்பார். ராய்ஸ் கடைசி நட்டு வரை பிரித்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் ஆடுகிறது, எந்தப் பாகம் சீக்கிரம் தேய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய வண்டியைச் சரிசெய்வது மட்டும் அவருக்குப் போதவில்லை. இதையே எடுத்துக்கொண்டு இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்ற முடிவுக்கு வந்தார். இரண்டு இளம் அப்ரெண்டிஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கார்கள் செய்ய ஆரம்பித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அடிப்படை அமைப்பை ராய்ஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே இரண்டு சிலிண்டர், அதே ஷாஃப்ட் ஓட்டம். அவர் மாற்றியதெல்லாம் ஒவ்வொரு பாகத்தின் தரத்தைத்தான். மின்சாரத் தொழிலில் ஊறியவர் என்பதால், அடிக்கடி மக்கர் செய்யும் இக்னிஷனை நம்பகமாக்கினார். கார்புரேட்டரைத் தானே வடிவமைத்தார். புகை வெளியேறும் சத்தத்தை அடக்கப் பெரிய சைலன்சர் வைத்தார். பற்சக்கரங்களை நுணுக்கமாக வெட்டிச் சத்தம் குறைத்தார். 1800 சிசி இன்ஜினும் மூன்று கியரும் கொண்ட அந்த முதல் ராய்ஸ் கார் 1904 ஏப்ரல் 1-ஆம் தேதி பட்டறையை விட்டு வெளியே ஓடியது. முட்டாள்கள் தினம்தான்! தொழிலாளிகள் கையில் கிடைத்த இரும்பையெல்லாம் சுத்தியலால் தட்டிக் கொண்டாடினார்களாம். ராய்ஸ் அதிலேயே ஏறி, 24 கிலோமீட்டர் போல ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எங்கள் வீட்டு அம்பாசிடர்

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வாசலில் நடந்தது ஞாபகம் வந்தது. என் அப்பா வேப்பமரத்தடியில் வண்டி வேலை பார்க்கிறவர். போன வருடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் வந்தது. பழைய இன்ஜினையும் நாலு கியர் பெட்டியையும் கழற்றிவிட்டு, இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வைக்க வேண்டும். பெட்டி மாறினால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் ஒத்துவராது. அளவெடுத்து, அறுத்து, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். டிப்ளமா படிக்கிறவன் ஆச்சே என்று அப்பா அந்த வேலையை என்னை நம்பிக் கொடுத்தார். நானும் நீளத்தைச் சரியாக அளந்து, அறுத்து, லேத் பட்டறையில் கொடுத்து ஒட்டி வாங்கி வந்து மாட்டினேன்.

வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகம் தொட்டதும் அடித்தளமே அதிர்ந்தது. நான் இன்ஜின் மவுண்டிங், கிளட்ச் பிளேட் என்று எதையெதையோ சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்தார். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே நேரில் நிற்கவில்லை. வெல்டிங்கில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. யூனிவர்சல் ஜாயின்ட் சாய்வாகச் சுற்றும்போது, ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் கூடிக் குறையும். ஒரு முனையில் உண்டாகும் அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனையில் உள்ள ஜாயின்ட் சமன் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே நேரில் இருந்தால்தான் அது நடக்கும். பரீட்சையில் இதைப் படத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்! ஆனால் அறுப்பதற்கு முன்னால் குழாயின் மேல் நீளவாக்கில் ஒரு நேர்கோடு கிழித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோடு இருந்திருந்தால், ஒட்டும்போது இரண்டு பாதியையும் சரியாகச் சேர்த்திருக்கலாம். எட்டாவதோடு நின்ற அப்பா எதைப் பிரிப்பதற்கு முன்பும் ஒரு அடையாளம் போடாமல் ஸ்பேனரைத் தொட மாட்டார். வெல்டிங்கை அறுத்து மறுபடி சரிசெய்த கூலி அப்பா கையை விட்டுப் போனது.

ராய்ஸ் காரைப் பிரித்தார் என்றால், கழற்றிப் போட்டார் என்று அர்த்தமில்லை. பார்த்து, அளந்து, மனதில் பதியவைத்துப் பிரித்தார் என்று அர்த்தம். இதை எனக்குப் புரியவைத்தது அந்த ஷாஃப்ட்தான்.

ரோல்ஸ் வந்தார்

1904 மே 4-ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் சார்லஸ் ரோல்ஸ் என்பவர் ராய்ஸைச் சந்தித்தார். ரோல்ஸ் பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனில் கார் விற்றவர். இரண்டு சிலிண்டர் வண்டி என்றாலே உதறும் என்பது அவர் எண்ணம். ராய்ஸின் வண்டியில் ஏறிப் போனதும் அந்த எண்ணம் மாறிவிட்டது. ராய்ஸ் செய்கிற கார்களையெல்லாம் தானே விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டார். 1906-ல் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் பிறந்தது.

1907-ல் அவர்களுடைய சில்வர் கோஸ்ட் காரை ஏறக்குறைய 15,000 மைல் ஓட்டிச் சோதித்தார்கள். ஓட்டம் முடிந்ததும் வண்டியைப் பிரித்து, தேய்ந்த பாகங்களைக் கணக்கெடுத்தார்கள். மறுபடி புதுசு போல ஆக்க ஆன பாகச் செலவு இரண்டு பவுண்டு சொச்சம்தான். வேறொருவர் செய்த காரைப் பிரித்துக் குறை கண்டவரின் காரையும் அதே மாதிரி பிரித்துப் பார்த்தார்கள்.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அடுத்த வருடமே ராய்ஸ் படுத்த படுக்கையானார். வேலை என்று வந்தால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்துவிடும் பழக்கம் அவர் உடம்பைத் தின்றுவிட்டது. அரைகுறை வேலையைக் கண்டால் எரிந்து விழுவார் என்றும், சில ஆட்களை அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டும் நாம் பின்பற்ற வேண்டியவை அல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல், பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே வடிவமைத்து, வரைபடங்களை டெர்பி தொழிற்சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1919-ல் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் தாண்டிய விமானத்தில் இருந்தவை அவர் வடிவமைத்த ஈகிள் இன்ஜின்கள். 1930-ல் சர் பட்டம் கிடைத்தது. 1933 ஏப்ரல் 22-ஆம் தேதி தம் 70-ஆம் வயதில் காலமானார்.

இறுதியாக

சர் பட்டம் வாங்கிய பிறகும் ராய்ஸ் தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதில்தான் பெருமைப்பட்டார்.

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், நம் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் பிசினஸ் என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற பையன் பார்த்துவிடுவானோ என்று வெட்கம். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் விரல் ஓரத்தில் கிரீஸ் கறை இருந்தது. அது விண்ணப்பத்தின் மூலையிலும் லேசாகப் பட்டது. அதற்கும் அன்றைக்கு நான் கோபப்பட்டேன்.

இந்த வருடம் உதவித்தொகை விண்ணப்பத்தில் மெக்கானிக் என்று எழுதினேன். அப்பா வழக்கம்போல எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார். அவர் கேட்காவிட்டாலும், என்ன எழுதியிருக்கிறேன் என்பதை இந்த முறை படித்துக் காட்டினேன்.