யாழ் மீட்ட அடிகள்

திருகோணமலைத் துறைமுக நகரிலே, கடல்சூழ நிற்கும் கோணமாமலையைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. நம் பாடசாலைப் பிள்ளைகள் அதனை ஓதி வருகின்றனர். ஆயினும், தேவாரப் பண்கள் பண்டைநாளில் யாழிலே எவ்வாறு நரம்பு கூட்டி இசைக்கப்பட்டன என்று ஒரு மாணவன் வினவினால் விடை கூற வல்லார் ஒருகாலத்தில் இலராயினர். அவ்வினாவிற்கு விடை காண்பதிற் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்டவர், 1925-இல் இந்நகரத்து இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண சங்கம் ஏற்ற காலத்தில் அதன் தலைமையைத் தாங்கிய சுவாமி விபுலாநந்தராவர்.

அடிகள் 1892-இல் மட்டக்களப்பின் தென்பாலுள்ள காரைதீவிற் பிறந்தனர். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும், 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானத் தேர்விலும் தேறினர். தமிழ்ப் புலமையும் பௌதிக நூற் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியமை பின்னாளில் எத்துணைப் பயன் தந்தது என்பதைக் கீழே காண்போம். 1924-இல் துறவு பூண்டு, மறுவருடம் ஈழம் மீண்டு, பாடசாலைகளை நடத்தும் பெரும் பாரத்தை மேற்கொண்டனர்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய்ச் சிதம்பரஞ் சென்றனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் இயல்பு கூறும் இருபத்தைந்து அடிகளின் பொருளை முற்றும் விளக்கிவிட வேண்டும் என்பதே அவர் மேற்கொண்ட பணி. இருபத்தைந்து அடிதானே என்று எண்ணற்க. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் மேற்கோளாகக் காட்டிய இசைநூல்கள் பல இறந்துபட்டன. யாழோ கண்ணாற் காணவும் இல்லை. கேட்டறிய ஆசிரியரும் இலர். வீணையைக் கொண்டு ஊகித்துணரலாம் எனின் அதுவும் ஒவ்வாது. வீணையில் ஒரு நரம்பிலேயே மெட்டுத்தோறும் வேறுவேறு இசை பிறக்கும். யாழிலோ நரம்பொன்றிற்கு இசையொன்றே. எனவே பண் மாறுந்தோறும் யாழோன் யாது செய்தான் என்பது பெரும் முடிச்சாயிற்று.

இவ்விடத்தே புலவர் பலர் சொற்பொருள் கூறி அமைந்துவிடுவர். அடிகள் அவ்வாறு அமையவில்லை. ஏட்டில் வழி அடைபட்டபோது எண்ணைத் துணைக்கொண்டனர். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அவ்விசையே மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் நரம்பின் இணையிசை பிறக்கும். இவ்வளவைகளைக் கொண்டு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் 22 அலகுகள் பகிரப்படும் முறையைக் கணித்தனர். தொடங்கும் நரம்பை மாற்றினால் செம்பாலையிலிருந்து படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏனைய பாலைகள் தோன்றும் திறத்தையும் ஆராய்ந்து காட்டினர். கணக்கோடும் நில்லாது, பண்டைக் கருவிகளைத் தச்சுத் தொழிலினால் உருவாக்கவும் முயன்றனர். எழுத்திலே தெளியாதது கருவியின் ஒலியிலே தெளியக்கூடும் அன்றோ? எம் கருத்தில், அடிகளின் முயற்சிக்கு உயிர்நிலை இதுவே.

யாழுக்கு அடங்காத இசையொன்று நம் புராணத்திலும் உண்டு. தருமபுரத்திலே பிள்ளையார் பாடிய பதிகம் தம் கருவியில் அடங்காமை கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை முறித்தற்கு ஓங்கினர் என்றும், பிள்ளையார் அதனைத் தடுத்தருளினர் என்றும் சேக்கிழார் கூறுவர். முறிக்க ஓங்கிய கை நின்றமையால் அன்று யாழ் பிழைத்தது. பின்னொரு காலத்தே கேட்பாரற்றுத் தானே ஒழிந்தது.

அடிகளின் ஆராய்ச்சி இடையறாது நடந்ததும் அன்று. 1933-இற் சிதம்பரம் விட்டு நீங்கினர். 1939 முதல் இமயத்து மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகையை நடத்தினர். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதற்றமிழ்ப் பேராசிரியராயினர். இப்பணிகள் நூலைத் தாமதப்படுத்தின என்று இரங்குவாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முழுப்பொழுதும் வாய்க்கட்டும் எனக் காத்திருந்தால் அது வாய்த்திராது. காலை முதல் மாலை வரை வகுப்பிலும், இரவில் ஏடு திருத்துவதிலும் கழிக்கும் நம் ஆசிரியர்கட்கு இது புதிதன்று.

நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழியலாய் முற்றியது. தம் மட்டக்களப்பு வாவியின் மீன்கள் நிலவிரவில் எழுப்பும் இசையையும் அடிகள் மறந்தாரல்லர். நீரரமகளிர் பாடலாக அது நூலினுள் இடம் பெற்றது. அவர் கண்ட முடிபுகள் யாவற்றையும் பின்வந்த இசையறிஞர் ஒப்புக்கொண்டனர் என்று கூறவியலாது. ஏழிசைப் பெயர்களை இக்காலத்துச் சுரங்களோடு பொருத்துவதில் மாறுபட்டோர் உளர். ஆனால் மாறுபடுவோரும் அந்நூலை வைத்தே வாதிட வேண்டியவராயினர்.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947 ஆனித் திங்களுக்கு முன்னர், சூன் 5-ஆம் நாள், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஓடக்காரன் இல்லாத ஓடத்தைப் பிள்ளையாரின் பதிகம் ஆற்றைக் கடத்திய தலம் அதுவே. அடிகளின் ஆய்வின்படி அமைத்த முளரியாழ் முதலிய கருவிகளை ஏந்திப் புலவர் ஊர்வலமாய் வந்தனர். யாழொலி அவையோர் செவியிற் பட்டது. அப்பொழுதே அடிகளின் உடல் பெரிதும் நலிந்திருந்தது.

அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரங் கழிந்தபின், சூலை 19-ஆம் நாள், கொழும்பிலே அடிகள் உடல் நீத்தனர். திருமேனி மட்டக்களப்பிற்குக் கொண்டு செல்லப்பட்டு, கல்லடி உப்போடையில் அவர் தோற்றுவித்த சிவாநந்த வித்தியாலயத்து மரநிழலில் அடக்கஞ் செய்யப்பெற்றது.