தொழிலாளரின் தமக்கை அனசூயா சாராபாய்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்குக் கூலி, வேலை நேரம், விடுப்பு என்பன வெறும் ஏட்டுச் சொற்கள் அல்ல. நம் அடுப்பெரிவதோடு தொடர்புடையவை. ஆதலின், ஆலை முதலாளியின் வீட்டிலே பிறந்து, ஆலைத் தொழிலாளருக்காகத் தம் உடன்பிறந்தாரையே எதிர்த்து நின்ற ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்மலரிற் கூற விழைகின்றோம்.

அனசூயா அம்மையார் 1885ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அகமதாபாத்தில் சமணச் செல்வர் குடியில் தோன்றினார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பதின்மூன்றாம் அகவையில் மணம் முடிக்கப்பெற்றார். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. தம்பி அம்பாலாலின் துணையால் 1912இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் பயிலப் புகுந்தவர், உயிர்களை அறுத்து ஆராய்தல் தம் சமயநெறிக்கு ஒவ்வாமையால் அதனைக் கைவிட்டுச் சமூகவியல் கல்வியை நாடினார். அங்கே பெண்கள் வாக்குரிமைக்குப் போராடுவதையும் கண்டார்.

1913இல் நாடு திரும்பி ஏழைக் குழந்தைகட்குப் பள்ளி நடத்திவந்தார். ஒருநாட் காலை, களைத்துச் சோர்ந்த பெண்கள் சிலர் தள்ளாடி நடந்துசெல்வதைக் கண்டு வினவினார். 36 மணி நேரம் இடைவிடாது ஆலையில் உழைத்து மீளுகின்றனர் என்பதறிந்து திடுக்குற்றார். அன்று முதல் அவர் வாழ்வு தொழிலாளர்க்கே உரியதாயிற்று.

1917இல் நகரிற் கொள்ளைநோய் பரவியது. தொழிலாளர் ஓடிப்போகாதிருத்தற் பொருட்டு முதலாளிகள் மிகையூதியம் வழங்கினர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். போர்க்காலத்து விலைவாசியோ இறங்கவில்லை. தொழிலாளர் 50 விழுக்காடு கூலி உயர்வு வேண்டினர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் இருபுறமும் ஆராய்ந்து 35 விழுக்காடே நியாயம் எனக் கண்டார். 1918 பெப்ரவரி 22ஆம் நாள் ஆலைக் கதவுகள் அடைபட்டன.

முதலாளிகளின் அணிக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவர்தம் தமக்கை. சபர்மதிக் கரையில் கருவேல மரத்தடியில் நாடோறும் கூட்டம் கூடிற்று. அம்மையார் தொழிலாளர் குடியிருப்புகளிற் சென்று துயர் கேட்டார். அம்பாலாலும் கொடியவர் அல்லர். ஆசிரமம் பொருளின்றித் தவித்தபோது பெயர் சொல்லாது 13,000 ரூபாய் அளித்தவர் அவரே. தமக்கையும் தம்பியும் கொள்கையில் மோதினர்; அன்பில் முறியவில்லை.

பசியால் தொழிலாளர் உறுதி தளரக் கண்ட அடிகள், மார்ச்சு 15இல் உண்ணாநோன்பு தொடங்கினார். அது நண்பராகிய முதலாளிகளை நெருக்கும் குறையுடையது என அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். மூன்றே நாளில் உடன்பாடு பிறந்தது. முதல்நாள் 35, மறுநாள் 20, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27½ விழுக்காடு உயர்வு என்பது ஏற்பாடு. இரு சாராரின் மதிப்பும் காக்கப்பட்டது. நடுவர் ஆனந்தசங்கர் துருவர் இறுதியில் 35 விழுக்காட்டையே நியாயமெனத் தீர்த்தார். அடுத்த மாதமாகிய ஏப்ரலில் நம் சென்னையிலும் வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியால் தொழிற்சங்கம் தோன்றியமை ஈண்டு நினைவுகூரத் தக்கது.

1920இல் மசூர் மகாசன் என்னும் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பிணக்கு எழுந்தால் முதலில் பேச்சு, பின்னர் நடுவர் தீர்ப்பு, இவை பயனற்றபோதே வேலைநிறுத்தம் என்பது அதன் நெறி. தொழிலாளர் அம்மையாரை 'மோட்டாபென்', அதாவது பெரியக்கா, என்றழைத்தனர். 1972 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து, எலா பட்டு அம்மையாரின் முயற்சியால், சுயதொழில் மகளிர்க்கென 'சேவா' அமைப்புத் தோன்றியது.

நம்முள் பலர் அலுவலகத்தில் ஊழியர், வீட்டிலோ முதலாளிகள். பாத்திரம் துலக்கும் அம்மாளுக்கும், துணி வெளுப்பவருக்கும், காலனிக் காவலருக்கும் கூலி பேசுவோர் நாமே. மேலிடத்தில் நாம் வேண்டும் நியாயத்தை இவர்கட்கு நாம் வழங்குகின்றோமா? தள்ளாடி நடந்த பெண்களை நிறுத்தி வினவிய அந்த ஒரு வினாவிலிருந்தே அம்மையாரின் தொண்டு பிறந்தது. நம் வாயிலில் நிற்போரை நோக்கி அவ்வினாவை நாமும் எழுப்புவோமாக.