பறவைக் குரல் காத்த பெரியார்

மாந்தர் பேசும் பேச்சும் பாடும் பாட்டும் காற்றிலே தோன்றிக் காற்றிலே மறைவன. எழுத்தை ஓலையிலும் தாளிலும் பொறித்து வைத்தவர்கள், உருவத்தைக் கல்லிலும் சுவரிலும் அமைத்து வைத்தவர்கள், ஒலியைப் பிடித்து வைக்கும் வழியை மட்டும் அறியாது பன்னூறு ஆண்டுகளைக் கழித்தனர். 1877ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் போனோகிராப் என்னும் கருவியை இயற்றினார், அக்குறை நீங்கிற்று. அதன்பின், தலைவர்களின் உரையையும் இசைவாணர்களின் பாட்டையும் பதிந்து வைக்கப் பலர் முன்வந்தனர். ஆனால், காட்டிலும் கழனியிலும் கூவித் திரியும் பறவைகளின் குரலும் காக்கத்தக்கதே எனக் கருதி, அதற்கெனத் தம் வாழ்நாளை ஈந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன் நிற்பவர் லுட்விக் கோக் ஆவார்.

இளமை

ஜெர்மனி நாட்டில் மெயின் ஆற்றங்கரையில் உள்ள பிராங்க்பர்ட்டு நகரில் 1881ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் கோக் பிறந்தார். அவருடைய குடும்பம் யூதக் குடும்பம். இசையில் மிகுந்த ஈடுபாடு உடையது. இளமையிலேயே அவர் வயலின் பயின்றார். பறவைகளையும் சிறு விலங்குகளையும் வீட்டில் அன்போடு வளர்த்தார். இசையறிந்த செவியும் உயிர்களிடத்து அன்புடைய நெஞ்சும் ஒருங்கே வாய்த்தமையே பிற்காலத்தில் அவர் ஆற்றிய பணிக்கு வித்தாயிற்று.

1889ஆம் ஆண்டில் அவர் தந்தையார் லைப்சிக் நகரச் சந்தையிலிருந்து ஒரு போனோகிராப்பையும் மெழுகு உருளைகள் சிலவற்றையும் வாங்கி வந்து மகனுக்கு அளித்தார். பிற சிறுவர்களாயின் அதனை விளையாட்டுப் பொருளாகக் கொண்டு சில நாளில் மூலையில் எறிந்திருப்பர். ஏறத்தாழ எட்டு வயதினரான கோக்கோ, தாம் வளர்த்த சாமா என்னும் பறவையின் கூட்டருகே அக்கருவியை வைத்து, அது பாடிய பாட்டை உருளையில் பதிந்துவிட்டார். அப்பறவை நம் இந்திய நாட்டுக்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. தமிழில் சோலைபாடி எனப் பெயர் பெறுவது. இன்று அறியப்பட்டுள்ள பறவைக் குரல் பதிவுகளுள் மிகப் பழையது இதுவே ஆகும். நம் மலைச்சோலைப் பறவையினத்தைச் சார்ந்த ஒன்று கடல் கடந்த நாட்டில் முதன்முதல் தன் குரலைப் பதித்துச் சென்றது வியத்தற்குரிய செய்தியன்றோ?

ஒலிநூல்

வளர்ந்தபின் கோக் வாய்ப்பாட்டுப் பயின்று, மேடையில் பாடும் இசைவாணரானார். 1914ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் போர் அவ்வாழ்வுக்கு இடையூறாயிற்று. 1928ஆம் ஆண்டில் கிராமபோன் இசைத்தட்டுகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவர் பணி ஏற்றார். இசைத்தட்டைப் பொழுதுபோக்குக்கே அன்றிக் கல்விக்கும் பயன்படுத்தும் வழி காண்பது அவர் பணியாயிற்று. அப்போது அவர் உள்ளத்தில் உதித்ததே ஒலிநூல் என்னும் கருத்து. நூலிலே பறவையின் வடிவும் வாழ்க்கையும் படமாகவும் உரையாகவும் அமையும். நூலோடு சேர்ந்த இசைத்தட்டிலே அப்பறவையின் குரல் ஒலிக்கும். படிப்பவர் கண்ணாலும் செவியாலும் ஒருங்கே கற்கலாம். ஜெர்மானியப் பறவை நூல் அறிஞர் ஆஸ்கர் ஹைன்ரோத்து என்பாருடன் கூடி, 1935ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒலிநூல் இம்முறைக்குத் தக்க சான்றாகும்.

பதிவின் அருமை

அக்காலத்தில் ஒலிப்பதிவு செய்தல் எளிய செயல் அன்று. காந்த நாடாவில் பதியும் கருவிகள் பரவாத காலம் அது. தடித்த மெழுகுத் தட்டை இளஞ்சூட்டில் வைத்து மென்மையாக்கி, அது சுழலும்போது ஊசியினால் ஒலியின் அதிர்வை வரியாகக் கீறவேண்டும். ஒரு தட்டில் சில நிமிட ஒலியே அடங்கும். பதிந்த தட்டை உடனே ஓட்டிக் கேட்டால் மெழுகு தேய்ந்து வரிகள் பழுதாகும். அதன்மேல் உலோகப் பூச்சு ஏற்றி, அச்சு எடுத்து, அவ்வச்சினின்றே இசைத்தட்டுகளை வார்க்கவேண்டும்.

இத்துணைக் கருவிகளையும் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு கோக் காடுதோறும் சென்றார். வண்டியைத் தொலைவில் நிறுத்தி, நீண்ட கம்பிகளை இழுத்துச் சென்று, பறவை அமரும் கிளையருகே ஒலிவாங்கியை மறைத்து வைப்பார். பின்னர் விடியுமுன் எழுந்து, குளிரிலும் பனியிலும் அசையாது காத்திருப்பார். பறவை பாடத் தொடங்கும் நேரத்தில் காற்று வீசும், நாய் குரைக்கும், வானூர்தி ஒன்று முழங்கிச் செல்லும். அன்றைய முயற்சி வீணாகும். மறுநாளும் அவர் அவ்விடத்திலேயே காத்திருப்பார். பொறுமையே அவருடைய முதற்கருவி என்று கூறுதல் மிகையாகாது.

நாடு துறத்தல்

1933ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆட்சி இட்லரின் கைக்குச் சென்றது. யூதர்கள் பதவி இழந்தனர், உடைமை இழந்தனர், பின்னர் உயிரும் இழந்தனர். தம் நாட்டுப் பறவைகளின் குரலை உலகறியச் செய்த கோக்கும் அந்நாட்டில் வாழ இயலாதவரானார். 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமது 54ஆம் வயதில், அவர் இங்கிலாந்தை அடைந்தார். பிறந்த ஊரும் பேசிய மொழியும் ஈட்டிய பொருளும் பின்னே நின்றுவிட்டன. செவித்திறனும் ஊக்கமுமே உடன் வந்தன.

புதிய நாட்டில் அவர் சோர்ந்து இருந்திலர். பறவைகள் மிகுதியாகப் பாடுவது இளவேனிற் காலத்திலே. அது கழிந்தால் ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். ஆதலின், வந்த சில திங்களுக்குள் நண்பர்களைத் தேடி, கருவிகளைத் திரட்டி, இங்கிலாந்தின் சோலைகளில் பதிவைத் தொடங்கினார். மாக்ஸ் நிக்கல்சன் என்னும் பறவை அறிஞர் உரை எழுத, அவ்வாண்டிலேயே காட்டுப் பறவைகளின் பாடல்கள் என்னும் பொருளுடைய ஒலிநூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அதன் தொடர்ச்சி வெளிவந்தது. 1938ஆம் ஆண்டில் உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்சிலியுடன் கூடி விலங்குகளின் மொழியைப் பற்றியும் ஓர் ஒலிநூல் ஆக்கினார். பெல்ஜிய நாட்டு அரசியார் எலிசபெத்தும் தம் அரண்மனைச் சோலைப் பறவைகளின் குரலைப் பதியுமாறு அவரை அழைத்தார்.

போர்க்காலமும் வானொலியும்

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்தின் நகரங்கள்மீது ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தன. அத்தகைய காலத்தில் பி.பி.சி. வானொலியில் கோக் பறவைகளைப் பற்றிப் பேசினார். தாம் பதிந்த குரல்களை ஒலிக்கச் செய்தார். அவர் பேசிய ஆங்கிலத்தில் ஜெர்மானிய ஒலிப்பு மிக்கிருந்தது. பகைநாட்டு ஒலிப்பென்று அந்நாட்டு மக்கள் அதனை வெறுத்திலர். இரவெல்லாம் அபாயச் சங்கின் ஒலி கேட்டு அஞ்சிய செவிகள், நைட்டிங்கேல் என்னும் இராப்பாடியின் குரல் கேட்டு ஆறுதல் பெற்றன. நாளடைவில் அவருடைய பேச்சு முறையே பல்லோரும் விரும்பும் தனித்தன்மையாயிற்று.

போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில் பி.பி.சி. தொடங்கிய இயற்கை நிகழ்ச்சி ஒன்றுக்கு, கோக் பதிந்த கர்லூ என்னும் வளைந்த அலகுடைய பறவையின் குரலே முகப்பொலியாய் அமைந்தது. அவர் திரட்டிய பதிவுகள் அவ்வானொலி நிறுவனத்தின் இயற்கை ஒலிக் களஞ்சியத்துக்கு அடிப்படையாயின. எழுபது வயது கடந்தபின்னும் அவர் ஓய்ந்திருந்திலர்; ஐசுலாந்து என்னும் குளிர்மிக்க தீவுக்குச் சென்று அங்குள்ள பறவைகளின் குரலையும் பதிந்து வந்தார். 1955ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1960ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. 1974ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், தமது 92ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

பணியின் பயன்

நைட்டிங்கேலும் கர்லூவும் கோக் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்தில் பரவலாகக் காணப்பட்டன. அதன்பின் காடுகளும் புல்வெளிகளும் சுருங்கினமையால் அவற்றின் தொகை மிகக் குறைந்துவிட்டது. ஒரு காலத்தில் அச்சோலைகள் எங்ஙனம் ஒலித்தன என்பதை அறிய விரும்புவோர்க்கு அவர் பதிவுகள் சான்றாக நிற்கின்றன. எனினும், பதிவு பறவை ஆகாது. தட்டில் ஒலிக்கும் குரல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதன்று. மறைந்துபோகும் ஒன்றின் அருமையை உணர்த்துவதே அதன் பயன். நம் மலைகளில் சோலைபாடி இன்றும் பாடுகின்றது. அது பாடும் சோலையைக் காத்தலும், அதன் பாட்டுக்குச் செவி சாய்த்தலும் நம் கடமைகளாகும். நாடிழந்து நலிந்த காலத்தும் பறவையின் குரலைக் கேட்க விடியலில் எழுந்து சென்ற அப்பெரியாரின் வாழ்க்கை அக்கடமையை நமக்கு நினைவூட்டுகின்றது.