மலையையும் வெள்ளத்தையும் இணைத்துப் பார்த்த மார்ஷ்

மேட்டில் மரம் வெட்டுபவருக்கு வருவாய். பள்ளத்தில் குடியிருப்பவருக்கு வெள்ளம். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று உலகிற்கு எடுத்துரைத்த அறிஞர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் ஆவார்.

இவர் 1801-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்னும் சிற்றூரில், ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே ஓயாது படித்ததால் இவரது கண்பார்வை கெட்டது. நூல்களைத் தொட இயலாத அந்நாளில் காடும் ஓடையுமே இவருக்குப் பாடநூல்கள் ஆயின.

1820-இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பின் வழக்கறிஞரானார். அக்காலத்தில் வெர்மான்ட் மலைகளில் காட்டை அழித்து ஆட்டு மேய்ச்சலுக்கு நிலம் திருத்தி வந்தனர். மார்ஷும் ஆட்டுத் தொழிலிலும் கம்பளி ஆலையிலும் பணம் போட்டு இழந்தவரே.

1843-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1847-இல் ரட்லண்ட் மாவட்ட உழவர் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். சருகும் மட்கும் படிந்த காட்டு மண் மழைநீரை உறிஞ்சி மெல்ல விடும். மரம் போய், ஆட்டுக் குளம்பு பட்டு இறுகிய சரிவிலோ நீர் நில்லாது ஓடும். மண்ணையும் கல்லையும் சுமந்து வந்து ஆற்றுப் படுகையை மேடாக்கும். அடுத்த வெள்ளம் எளிதில் கரை தாண்டும். காடழிப்பால் வரும் இக்கேட்டை அவர் அன்றே உழவர்களிடம் எடுத்துக் கூறினார்.

1849-இல் துருக்கிக்கும், 1861-இல் இத்தாலிக்கும் அமெரிக்கத் தூதரானார். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் காடழிந்த சரிவுகளிலிருந்து பாய்ந்த காட்டாறுகள் கீழே இருந்த வயல்களை மண்மூடச் செய்திருந்தன. அம்மலைகளில் மீண்டும் காடு வளர்க்க அந்நாட்டு அரசு 1860-இல் சட்டம் இயற்றியது. மேய்ச்சல் நிலம் குறைந்த மலைவாழ் மக்கள் அதை எதிர்த்தனர். சமவெளி நலம் பெற மலைவாழ் ஏழை மட்டும் இழப்பதா என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

கண்டதையும் கற்றதையும் திரட்டி 1864-இல் ‘மனிதனும் இயற்கையும்’ என்னும் நூலை வெளியிட்டார். இத்தாலியில் தூதராக இருக்கும்போதே, 1882 ஜூலையில் காலமானார். ஆற்றுத் தலைப்பகுதிக் காடுகளை அரசே விலைக்கு வாங்க வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1911-இல் வந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வயல் இருப்பது கடைமடையில். மேலே என்ன செய்கிறார்கள் என்று எங்களை எவரும் கேட்பதில்லை. விளைவு மட்டும் மழைக்காலத்தில் வந்து சேரும். ஆகவே மார்ஷின் வரலாறு எனக்கு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

அவர் உரையாற்றிய ரட்லண்ட் மாவட்டத்தின் வழியே ஆட்டர் கிரீக் ஆறு ஓடுகிறது. 2011-இல் ஐரீன் புயலின்போது ரட்லண்டில் வெள்ளம் சீறியது. கீழேயுள்ள மிடில்பரி பெரிதும் தப்பியது. இடைப்பட்ட சதுப்பு நிலங்களும் ஆற்றோரத் தாழ்நிலங்களும் நீரைத் தேக்கி மெல்ல விட்டதே காரணம். அதனால் மிடில்பரியில் சேதம் 84 முதல் 95 விழுக்காடு வரை குறைந்தது என்றும், 18 லட்சம் டாலர் வரை மிச்சமாயிற்று என்றும் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டனர்.

காடு எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. மண் முழுதும் ஊறியபின் கொட்டும் பேய்மழையை அதுவும் தாங்காது. சிறிய, நடுத்தர வெள்ளங்களிலேயே அதன் பயன் மிகுதி. எனினும், மேட்டு நிலத்தைக் காப்பவருக்குப் பள்ளத்தார் ஒரு பங்கு கொடுப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. கரை உடைந்தபின் செய்யும் செலவை விட அது குறைவாகவே இருக்கும்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (தாவரவியல்) மாணவன்